குப்பமுத்தைட்

கண்ணைத் திறக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, திறக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சொட்டு மருந்து எரிகிறது. எரிச்சல் மூக்குக்குள் இறங்கித் தொண்டையில் வந்து கசக்கிறது. கண்ணில் விட்டது நாக்கில் எப்படிக் கசக்கும்? உள்ளே எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது போல. கண்ணு நல்லா விரியணும்மா, முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் மூடியே வெச்சிருங்க, என்றாள். இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, குரலை வைத்துச் சொல்கிறேன். குரலை வைத்து ஆளைச் சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு முன்னால் உட்கார்ந்து எத்தனை ஊர்க் குரலைக் கேட்டிருப்பேன். இப்போது மடியில் ஒரே ஒரு போன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், கோழிக்குஞ்சு மாதிரி. மத்தியானத்துக்குள் பொன்னுரங்கம் கூப்பிடுவான். அவனுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா. அவ்வளவுதான் கேள்வி. இந்த நாளைப் பார்த்தா கண் டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தேன் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்குக் காத்திருக்கவும் முடியாது. வீட்டில் அவருடைய செருப்பு இருக்கிறது.

பொன்னுரங்கம் அவரிடம் காலேஜில் ஜியாலஜி படித்தவன். இன்றைக்கு அவனே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், மீசை நரைத்துவிட்டது, நான்தான் இன்னும் அவன் இவன் என்கிறேன். அவர் போன பிறகு வீட்டில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கிடந்த கற்களை வேன் வைத்து அள்ளிக்கொண்டு போனவன் அவன்தான். போகட்டும், பல்லி முட்டை பெருக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். அந்தக் கற்களில் ஒன்று நரிக்கரட்டில் அவர் உடைத்தது. கரடு என்றால் மலை என்று சொல்ல வாய் கூசும், மேடு என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும், அப்படி ஒன்று. அந்தக் கல்லை அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது ஒரு பொட்டு தெரிந்ததாம். நீலம் என்றும் சொல்ல முடியாமல் பச்சை என்றும் சொல்ல முடியாமல். எந்தப் பட்டியலிலும் இல்லாத கனிமம். உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காதது. எவ்வளவு பெரிசுப்பா என்றேன். ஒரு கடுகு மேல பத்து வைக்கலாம்மா என்றான். இதற்காகவா அந்த மனுஷன் கோடை வெயிலில் கரடு கரடாக ஏறினார் என்று வந்தது, அடக்கிக்கொண்டேன். புதுக் கனிமம் என்றால் பெயர் வைக்க வேண்டும். அதற்கென்று வெளிநாட்டில் ஒரு குழு இருக்கிறது, அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் பெயர் நிற்கும். கண்டுபிடித்து எழுதுகிறவன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாதாம். நல்ல ஏற்பாடு, இல்லாவிட்டால் நம் ஊரில் ஜல்லிக்குக்கூட ஏதாவது கவுன்சிலர் பெயர் இருக்கும். சார் பேரைத்தாம்மா வைக்கப்போறேன் என்று அவன் சொன்னபோது இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். பிறகுதான் அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னான், தொண்டையைச் செருமிக்கொண்டு. ஆள் உயிரோடு இருந்தால் அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். இல்லையென்றால் இறந்துவிட்டார் என்று எழுத வேண்டும். காணாமல் போனவர் என்று எழுத வழி இல்லையா என்று கேட்டேன். எழுதிக் கேட்டுப் பார்த்தானாம். வழி இல்லையாம். குடும்பத்தார் என்ன சொல்கிறார்களோ அதை எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

குடும்பத்தார் என்றால் நான். அவர் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ள எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளை இருந்தால் கையெழுத்துப் போடும்போதெல்லாம் கு. என்று ஒரு எழுத்தாவது இந்த பூமியில் ஓடிக்கொண்டிருக்கும். அது இல்லை என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை, பேசாமலே வயசாகிவிட்டது. அதனால்தான் பொன்னுரங்கம் சொன்னதை இரண்டு தரம் கேட்டேன். அவர் பெயரோடு, கனிமங்களுக்குப் போடுகிற ஐட் சேர்த்து, குப்பமுத்தைட். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு பையன் பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்வான், கஷ்டப்பட்டுச் செய்வான். நன்றாகக் கஷ்டப்படட்டும். இவனோடு சேர்ந்து எழுதுகிற ஜெர்மனிக்காரர் ஒருவர், இரண்டு பி எதற்கு, ஒரு பி போதுமே, படிக்கச் சுலபம் என்றாராம். ஒரு பி போனா அது எங்க சார் இல்லீங்க என்று இவன் சண்டை போட்டிருக்கிறான். அவரும் அப்படித்தான், அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். காலேஜில் யாரோ அவர் பெயரைக் குப்புமுத்து என்று போர்டில் எழுதிவிட்டார்கள், ஸ்டூல் போட்டு ஏறி அவரே அழித்துத் திருத்தினார். வெளியூர் ஆட்கள் வாயில் அது என்ன பாடு பட்டது தெரியுமா. கபமுட்டு. கூப்பா முத்தூ. டெல்லியிலிருந்து வந்த ஒருவர் ரொம்ப மரியாதையாக மிஸ்டர் கப் என்றார், அது எங்கள் வீட்டில் பல நாள் ஓடியது, காப்பி கேட்டால்கூட மிஸ்டர் கப்புக்கு ஒரு கப் என்று. நான் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம், அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார். அவர் வீட்டில் இருந்தவரை நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. பயம் இல்லை, மரியாதை என்றும் சொல்ல முடியாது, வாய் வரவில்லை, அவ்வளவுதான். என்னங்க என்பேன், இங்க பாருங்க என்பேன். கே ஃபார் கரூர், பி ஃபார் பழனி, எம் ஃபார் மதுரை என்று ஊரில் உள்ளவன் பெயரையெல்லாம் எழுத்து எழுத்தாக ஹெட்போனில் கத்தின வாய்.

அந்தக் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஆள் இருந்தால் மட்டும் பேசுவது. ஆபரேட்டர் முதலில் கூப்பிட்டு, இன்னார் இருக்கிறாரா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், இருந்தால் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று அந்தப் பக்கத்துக்குச் சொல்லிக் கழற்ற வேண்டும். ஒரு நாள் என் போர்டில் ஹைதராபாத் விழுந்தது. சேலத்துக்கு பி.பி., மிஸ்டர் குப்பமுத்து என்றாள் அந்த ஊர்க்காரி, அழகாகவே சொன்னாள். நம்பர் எங்கள் வீட்டு நம்பர். சுழற்றினேன். அவரே எடுத்தார். மிஸ்டர் குப்பமுத்து இருக்கிறாரா என்று நான் கேட்க வேண்டும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உங்களுக்குத்தாங்க, ஹைதராபாத், என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. யாருக்குன்னு சொல்லுங்க மேடம், ரூல்ஸ் அதானே, என்றார். அந்தப் பக்கம் ஹைதராபாத்காரி அவசரப்படுத்துகிறாள், பின்னால் சூப்பர்வைசர் நடந்துகொண்டிருக்கிறாள், இவர் இந்தப் பக்கம் சிரிக்கிறார். பக்கத்து போர்டில் இருந்த கிறிஸ்டினாவிடம் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து அவளைச் சொல்ல வைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. இங்கே சிரிக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு தனியாகச் சிரிக்கிற பொம்பளையை வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

எரிச்சல் குறைகிறதே என்று நினைப்பதற்குள் அந்தப் பெண் வந்து இமையைப் பிரித்து மறுபடி சொட்டு விட்டாள். ஒரு நொடி வெளிச்சம், எல்லாம் பால் ஊற்றின மாதிரி. அட்டெண்டர் யாரும்மா கூட வந்திருக்கறது, போறப்ப கண்ணு கூசும், தனியா போகக் கூடாது, என்றாள். யாரும் வரவில்லை என்றேன். வீட்டுக்காரர் வரலியா என்று கேட்டது அவள் இல்லை, என் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாள். ஆத்தூர்ப் பக்கம் என்று அவள் புருஷனோடு பேசுவதிலிருந்து தெரிந்தது. அவள் புருஷனுக்குத்தான் கண் பார்க்க வேண்டும். பெருமாளு, கைய எடுங்க, பெருமாளு, தேய்க்காதீங்க என்று அவர் பெயரை அவள் வெற்றிலை மெல்லுகிற மாதிரி மென்றுகொண்டே இருக்கிறாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவர் வெளியூர் போயிருக்கார் என்றேன் அவளிடம். வாயில் தயாராக இருக்கிற பதில். பால்காரனுக்கு, கேஸ் போட வருகிறவனுக்கு, கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்களுக்கு எல்லாம் இதுதான். தெரிந்தவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு வெளியூர். ஒன்பது வருஷமாக வெளியூர். எந்த ஊருங்க என்று அந்த அம்மாள் விடவில்லை. வடக்கே என்றேன். சட்டப்படி ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று என் தம்பி ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு வந்தான், காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏழு வருஷம் என்று எவன் கணக்குப் போட்டானோ. ஏழாவது வருஷம் கடைசி நாள் ராத்திரி இருந்த ஆள், மறுநாள் விடிந்ததும் இல்லாமல் போய்விடுவாரா.

அவர் அம்மாவுக்கு இதெல்லாம் கேட்டால் சிரிப்பு வந்திருக்கும். சாவை ஏமாற்றித்தான் அவரைப் பெற்றெடுத்ததாக அவள் சொல்வாள். அவருக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. அழகழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒன்றுக்கு ராஜேந்திரன் என்று வைத்தார்களாம், நாற்பது நாள்கூட இருக்கவில்லை. இவர் பிறந்ததும் துணியில் சுற்றிக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, எனக்கு வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி போய் எடுத்து, இந்தா குப்பையில கெடந்துச்சு, ஒரு முறம் தவிட்டுக்கு எடுத்துக்கறயா என்று கேட்க, இவள் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாளாம். குப்பை. கூட ஒரு முத்து. குப்பையில் கிடப்பதை எமன் எடுக்க மாட்டானாம், அவனுக்கும் கௌரவம் உண்டு போல. என் அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் முத்துக்குமார் என்று போட்டுவிடலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை பையனே சைக்கிளில் வந்தான். பேரை மாத்தினா நான் யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருங்க, என்றான், சிரிக்காமல். எவனுக்கு என்று அப்பாவுக்குப் புரியவில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் அப்போது புரியவில்லை, ஆனால் அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. இப்போது பொன்னுரங்கம் அந்தப் பெயரைக் கல்லில் எழுதப்போகிறான். எழுத வேண்டுமென்றால் ஆள் இறந்துவிட்டார் என்று நான் சொல்ல வேண்டும். சாகாமல் இருக்க வைத்த பெயர் அது. என்ன ஏற்பாடு இது என்று யாரிடம் போய்க் கேட்பது.

கல்லுக்கு எல்லாம் எப்படிப் பெயர் வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், சோறு ஆறும். இது ஒரு ராணி பெயர், இது ஒரு ஆற்றின் பெயர், இதைப் பார்த்தவன் வேறு கல் என்று ஏமாந்துபோனான், அதனால் ஏமாற்றுக்காரி என்று கிரேக்கத்தில் வைத்தான், இப்படி. நான் கேட்கிற மாதிரி உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். சிவப்பாக இருந்தது, எனக்கே தெரியும், கார்னெட், எங்கள் வீட்டில் உப்பு மாதிரி கிடக்கிற கல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது பேரு என்ன, என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலி இல்லை. அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் கற்கள் போயின, பிறகு மாணவர்கள், தெருக்கள், அவர் நடந்து நடந்து தேய்ந்த தெருக்கள். ஒரு நாள் காலையில் காப்பியை வாங்கிக்கொண்டு, ரொம்ப நன்றிங்க, நீங்க யாரு வீடு, என்று என்னைக் கேட்டார். அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை, சுத்தியலை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு போய்விட்டார். செருப்பை மாட்டாமல் வாசல் தாண்டாத மனுஷன். நரிக்கரட்டில் தேடினார்கள், கிணறுகளில் தேடினார்கள், பொன்னுரங்கம் மாணவர்களோடு பொழுதெல்லாம் கத்திக்கொண்டே நடந்தான். ஸ்டேஷனில் காணாமல் போனவர் பெயர் என்னம்மா என்றார்கள். அங்கே சொன்னேன். அத்தனை வருஷமாக வராத வாய் அங்கே வந்தது. அந்த ஏட்டு குப்பன் முத்துவா என்றார், மறுபடி சொன்னேன், இன்னொருவர் வந்து கேட்டார், அவருக்கும் சொன்னேன். வெளியே வந்தபோது எனக்கு வாய் கழுவ வேண்டும் போல இருந்தது.

அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் இறந்திருந்தால் அது ஒரு துக்கம், அழுது தீர்க்கலாம். உயிரோடு இருந்தால்? ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில், ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில், தாடியோடு, யாராவது பொட்டலம் கொடுத்தால் ரொம்ப நன்றிங்க என்று வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு. தன் பெயர் தெரியாமல். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாமல். அந்த மனுஷன் அங்கே பெயர் இல்லாமல் உட்கார்ந்திருக்க, இங்கே அவர் பெயரைப் பிடுங்கி ஒரு கல்லுக்குக் கொடுத்துவிட்டு, அவர் இல்லை என்று நான் சொல்வதா. பழனிக்குப் போனாலும் சமயபுரம் போனாலும் சாமியைப் பார்ப்பதைவிட வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறேன். சொல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, ஊர் பெயரை வைத்துவிடுவார்கள், நரிக்கரடைட். நரி ஒன்றுகூட அங்கே இப்போது கிடையாது, அதற்குப் பெயர் நிற்கும், அவருக்கு நிற்காது. இன்றைக்கே அனுப்பாவிட்டால் அதுவும் இல்லை, இதே கனிமத்தை வேறு தேசத்தில் இன்னொரு குழுவும் பிடித்துவிட்டதாகப் பேச்சாம், அவர்கள் முந்திக்கொண்டால் வாயில் நுழையாத எதையாவது வைப்பார்கள். நேற்று ராத்திரி முடிவெடுத்துத்தான் படுத்தேன். சொல்லிவிடுவது. காலையில் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், அவர் இறந்துட்டாருப்பா, எழுதிக்கோ. அவர் இறந்துட்டாருப்பா, எழுதிக்கோ. மனசுக்குள் நன்றாகத்தான் வருகிறது. சின்ன வாக்கியம், ஆபரேட்டராக இருந்தவளுக்கு இது ஒன்றும் பெரிசில்லை, ஆள் இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், ஒரு நாளும் குரல் மாறியதில்லை. அந்தப் பக்கம் கேட்பவர்கள் எதற்காகத் தேடினார்களோ, நான் கழற்றிவிட்டு அடுத்த ஊரைப் பிடித்திருப்பேன்.

யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தனலட்சுமி, தனலட்சுமி. யாரும் எழுந்திருக்கவில்லை. தனலட்சுமி இல்லையா என்று அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறாள். தனலட்சுமி எங்கே போயிருப்பாள், டீ குடிக்கப் போயிருக்கலாம், பாத்ரூம் போயிருக்கலாம். கூப்பிட்டதும் வராதவர்கள் எல்லாம் இல்லாதவர்களா. மூடின இமைக்குள் சிவப்பாக ஏதோ மிதக்கிறது, அதன் நடுவில் ஒரு பொட்டு, நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல். மருந்து செய்கிற வேலைதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் போன் துடித்தது.

திறக்கக் கூடாதே. தடவி, பச்சைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று விரல் ஞாபகத்தில் இழுத்து, காதில் வைத்தேன். அம்மா, பொன்னுரங்கம் பேசறேன், சாப்பிட்டீங்களா, என்றான். அவன் குரல் சரியில்லை, அவனும் ராத்திரி தூங்கவில்லை. எல்லாம் தயாராக இருக்கிறதாம், அந்த ஒரு இடம்தான் காலியாக இருக்கிறதாம். ஜெர்மனிக்காரர் காத்துக்கொண்டிருக்கிறாராம்.

"என்னம்மா போடட்டும்?"

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்ப்பா," என்றேன்.

எப்படி வந்தது அது? நான் சொல்லவில்லை, அதுவாக வந்தது. எத்தனை வருஷம் எத்தனை விஷயத்துக்கு இதையே சொல்லியிருக்கிறேன், சீட்டுப் போடச் சொன்னவர்களுக்கு, கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு, சார் ஞாயித்துக்கிழமை கரட்டுக்கு வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா என்று இதே பொன்னுரங்கம் மாணவனாக இருந்து கேட்டபோதெல்லாம். அவனுக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"சரிங்கம்மா, கேட்டுட்டுச் சொல்லுங்க," என்றான்.

அதோடு இரண்டு பேரும் நின்றுவிட்டோம். வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. லைனில் அவன் மூச்சு கேட்கிறது. கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்றால் கேட்க வேண்டும். எங்கே போய்க் கேட்பது? வெளியூர் என்று சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு ஊர் இருக்கும் எனக்கு. ஒரு மண்டபம், ஒரு தூண், அதில் சாய்ந்து அவர். யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் இருக்கும், அதை வைத்துக்கொண்டுதான் நான் ராத்திரி கதவைத் தாழ் போடாமல் படுத்தேன். இப்போது மூடின கண்ணோடு அங்கே போனேன். மண்டபம் இருந்தது. தூண் இருந்தது. வெயில்கூட இருந்தது. சாய்ந்திருக்க யாரும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அங்கே யாரும் வரவில்லை, எப்போதிருந்து அப்படி இருக்கிறது என்றும் தெரியவில்லை. 

"கேக்கறதுக்கு ஆள் இல்லப்பா," என்றேன். "எனக்கே இப்பத்தான் தெரியுது. நீ அப்படியே எழுதிரு."

அவன் அழுதான். நரைத்த மீசைக்காரன் அழுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும், மூக்கை உறிஞ்சி அடக்கப் பார்க்கிற சத்தம். நான் அழவில்லை. அவனை அழ விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மெதுவாக, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றான். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று குரலில் பதிந்து அனுப்பக் கேட்கிறாராம் அந்த ஜெர்மனிக்காரர், தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று அவருக்கு ஆசையாம். இப்போதே பதிந்துகொள்கிறேன், சொல்லுங்கள் என்றான். நீயே சொல்லேன்ப்பா என்றேன்.

"நான் சாருன்னுதானேம்மா கூப்பிட்டிருக்கேன். என் வாயில வரமாட்டேங்குது."

அதுவும் நியாயம்தான். எங்கள் இரண்டு பேர் வாயிலும் லேசில் வராத பெயர், உலகத்துக்குச் சொல்லிக் கொடுக்க நாங்கள்தான் இருக்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன், போர்டு முன்னால் உட்காருகிற மாதிரி. குப்பையில் போட்டு மறைத்த பிள்ளை. இவ்வளவு காலம் எமன் கண்ணில் படாமல் வைத்திருந்தாள் அவரைப் பெற்றவள், நானும் என் பங்குக்கு மறைத்துத்தான் வைத்திருந்தேன். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. எவன் காதில் விழ வேண்டுமோ அவன் காதில் விழட்டும்.

"குப்பமுத்து," என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். ஆனாலும் இரண்டு பி இருக்கிறதே, அவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். "குப்பமுத்து."

பதிஞ்சிருச்சும்மா என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். கூடத்தில் பேச்சு நின்றிருந்தது. யாரையோ உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பெருமாள் எழுந்து நின்றிருக்கிறார், உக்காருங்க, உங்களை இல்ல, என்று அந்த ஆத்தூர் அம்மாள் அவரை இழுத்து உட்கார வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"யாருங்க அது, குப்பமுத்து?"

"எங்க வீட்டுக்காரர்."

"வெளியூர் போயிருக்காருன்னீங்க?"

"இல்லைங்க," என்றேன். "இறந்துட்டாருங்க."

அவள் என் கையைத் தேடி எடுத்து, போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மூடின இமையைத் தாண்டி வழிந்துகொண்டே இருந்தது. சொட்டு மருந்து விட வந்த பெண் பஞ்சால் துடைத்துவிட்டு, எரியுதாம்மா, கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்குங்க, என்றாள்.